உரத்தொட்டியில் வெள்ளைக் கசடு: உரம் போலியா?

கேள்வி: பாலக்கோடு பக்கம் ஒன்றரை ஏக்கரில் சொட்டுநீரில் தக்காளி வைத்திருக்கிறேன். கால்சியம் நைட்ரேட்டையும் 12-61-0 உரத்தையும் (மோனோ அம்மோனியம் பாஸ்பேட்) ஒரே தொட்டியில் கரைத்தபோது தண்ணீர் சுண்ணாம்பு கரைத்தாற்போல் வெளுத்து, வடிகட்டி அடைத்துக்கொண்டது. கிணற்று நீரில் யூரியாவைக் கரைத்த பிறகும், மின்கடத்தும் திறனை அளக்கும் ஈ.சி. மீட்டரின் முள் இருந்த இடத்தைவிட்டு நகரவே இல்லை. இவை போலி உரங்களா?

பதில்: நீங்கள் சொல்லும் இரண்டு அடையாளங்களை வைத்து எந்த உரத்தையும் போலி என்று சொல்ல முடியாது, இரண்டுக்கும் காரணம் அந்த உரங்களுக்குள் அணுக்கள் பிணைந்திருக்கும் விதம்தான்.

கால்சியம் நைட்ரேட் ஓர் அயனிச் சேர்மம். அதில் கால்சியம் இரண்டு எலக்ட்ரான்களை இழந்து நேர் மின்சுமையோடும், நைட்ரேட் எதிர் மின்சுமையோடும் ஒன்றையொன்று ஈர்த்து நிற்கின்றன. தண்ணீரில் போட்டதும் நீர் மூலக்கூறுகள் இவற்றைத் தனித்தனியே பிரித்துச் சூழ்ந்துகொள்வதால், அந்த அயனிகள் தொட்டியில் யாரோடும் சேராமல் அலைகின்றன. 12-61-0 உரத்திலிருந்து பாஸ்பேட் அயனி வந்ததும் கால்சியம் அதைப் பற்றிக்கொள்கிறது. அவற்றுக்கிடையேயான பிணைப்பு வலுவானது என்பதால் நீரால் அதை மீண்டும் பிரிக்க இயலாமல், கால்சியம் பாஸ்பேட் வெள்ளை வீழ்படிவாக அடியில் இறங்குகிறது. நீங்கள் பார்த்த கசடு அதுதான். அடைப்பைவிட எனக்கு வருத்தம் தருவது, நீங்கள் காசு கொடுத்து வாங்கிய மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) சுண்ணாம்புச் சத்தும் (கால்சியம்) செடிக்குப் போகாமல் வடிகட்டியிலேயே நின்றுவிட்டன என்பதே.

சல்பேட் உரங்களான 0-0-50, மக்னீசியம் சல்பேட் ஆகியவற்றையும் கால்சியம் நைட்ரேட்டோடு கலக்கக் கூடாது. லிட்டருக்கு இரண்டு கிராம் அளவே கரையும் ஜிப்சம் உண்டாகும். 13-0-45 உரத்தில் இருப்பதும் நைட்ரேட்டே என்பதால் அது தாராளமாகச் சேரும். கால்சியத்தை ஒரு நாளும் மணிச்சத்தை வேறொரு நாளும் விட்டு, ஒவ்வொரு முறையும் முடிவில் பத்துப் பதினைந்து நிமிடம் வெறும் தண்ணீர் ஓடவிடுங்கள். புதிய கலவை எதுவானாலும், வயலில் விடப்போகும் அதே கிணற்று நீரில், தொட்டியில் கரைக்கும் அதே விகிதத்தில் ஒரு கண்ணாடிக் குவளையில் கரைத்து, ஒரு மணி நேரம் கழித்து வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள்.

யூரியாவின் கதை வேறு. அதன் அணுக்கள் எலக்ட்ரான்களைப் பகிர்ந்துகொண்டு சகப்பிணைப்பில் இருப்பதால், அது அயனிகளாக உடையாமல் முழு மூலக்கூறாகவே கரைகிறது. மீட்டர் அளப்பது அயனிகள் கடத்தும் மின்சாரத்தை. ஆகவே அது உங்கள் கிணற்று நீரின் அளவை மட்டுமே காட்டும். கரைக்கும்போது வாளியைத் தொட்டுப் பாருங்கள், வெளிப்பக்கம் சில்லென்று குளிர்ந்திருக்கும். மண்ணில் நுண்ணுயிர்களின் நொதி அதை உடைத்த பிறகே அம்மோனியம் அயனி உண்டாகிறது.

ஏற்கெனவே அடைத்த சொட்டுவான்களில் ஒன்றைக் கழற்றி, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டுப் பாருங்கள். படிவு கரைந்தால், குழாய் முனையில் கார அமில நிலை (pH) 4 ஆகும்வரை அமிலத்தைச் செலுத்தி, 24 மணி நேரம் நிறுத்திவைத்து, மறுநாள் முனைகளைத் திறந்து கழுவி வெளியேற்றலாம். தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது. பிளீச்சிங் பவுடர் கரைசலோடு சேர்த்தால் நச்சு வாயு கிளம்பும் என்பதால், அந்த இரண்டையும் ஒரே நாளில் கையாள வேண்டாம்.