ஆளைக் குறைப்பதா, நேரத்தைக் குறைப்பதா?

கேள்வி: எங்கள் தொழிற்சாலைக்கு வரும் ஆர்டர் பாதியாகிவிட்டது. கான்ட்ராக்ட் ஆட்களை நிறுத்தச் சம்மதித்தால் நிரந்தரத் தொழிலாளர்கள் மேல் கை வைக்க மாட்டோம் என்கிறது நிர்வாகம். சங்கப் பொறுப்பில் இருக்கும் நான் இதற்குக் கையெழுத்துப் போடலாமா?

பதில்: போட வேண்டாம், இப்போதைக்கு. முதலில் வேறொரு கணக்கை மேசையில் வையுங்கள்.

2009-ல் ஜெர்மனியின் பொருளாதாரம் 5 சதவீதத்துக்கு மேல் சுருங்கியது. ஆனாலும் அங்கே வேலையின்மை ஏறக்குறைய இருந்த இடத்திலேயே நின்றது. அமெரிக்காவில் சரிவு அதில் பாதி அளவுதான். வேலையின்மையோ அந்த அக்டோபரில் 10 சதவீதத்தைத் தொட்டது. காரணம், ஜெர்மனியில் வேலை நேரத்தைக் குறைத்தார்கள், அமெரிக்காவில் ஆட்களைக் குறைத்தார்கள். குர்ட்ஸார்பைட் என்ற ஜெர்மன் திட்டத்தில், வேலை குறைந்ததால் இழந்த நிகரச் சம்பளத்தில் 60 சதவீதத்தை அரசு தருகிறது. குழந்தை இருந்தால் 67. ஆர்டர் குவிந்த காலத்தில் கூடுதலாக உழைத்த மணிநேரங்களைக் கணக்கில் சேர்த்து வைத்து, மந்தத்தில் விடுப்பாகக் கழிக்கும் வழக்கமும் பல ஆலைகளில் இருந்தது. அந்த ஏற்பாடு இவ்வளவு கைகொடுக்கும் என்று முன்கூட்டியே கணித்தவர்கள் குறைவு.

உங்கள் நிர்வாகம் சொல்லும் யோசனையைப் பெரிய அளவில் செய்து பார்த்த நாடு ஸ்பெயின். 2008 நெருக்கடிக்கு முன் அங்கே ஏறக்குறைய மூன்றில் ஒரு ஊழியர் தற்காலிக ஒப்பந்தத்தில் இருந்தார். அப்போதைய சட்டப்படி, நிரந்தர ஊழியரைச் சரியான காரணமின்றி நீக்கினால் ஓராண்டு பணிக்கு 45 நாள் சம்பளம் இழப்பீடு. தற்காலிக ஊழியரின் ஒப்பந்தம் முடிந்தால் 8 நாள்தான். யாரை முதலில் அனுப்புவார்கள் என்பதை இந்த வித்தியாசமே தீர்மானித்துவிட்டது. கட்டுமானத் துறை சரிந்ததும் சேர்ந்துகொள்ள, 2007-ல் 8 சதவீதமாக இருந்த வேலையின்மை 2013-ல் 26-ஐத் தொட்டது. தற்காலிகத் தொழிலாளர்களோடு அது நிற்கவில்லை. நிரந்தர வேலைகளும் பின்னாலேயே போயின. இதைத்தான் உங்கள் உறுப்பினர்களிடம் அழுத்திச் சொல்லுங்கள்.

அதே ஸ்பெயினில் 2020-ல் பொருளாதாரம் இன்னும் மோசமாக, 10 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. இந்த முறை 30 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஈஆர்டிஇ என்ற தற்காலிகப் பணிநிறுத்தத் திட்டத்தில் வைத்து, வருமானத்தின் பெரும்பகுதியை அரசு கொடுத்தது. வேலையின்மை 14-லிருந்து 16 சதவீதத்துக்குத்தான் ஏறியது. தற்காலிக ஒப்பந்தங்களுக்கும் 2021 டிசம்பரில் கடிவாளம் போட்டார்கள்.

சரி, நீங்கள் என்ன கேட்கலாம்? ஆர்டர் திரும்பி வருமா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும். ஆர்டர் விவரங்களைக் காட்டச் சொல்லுங்கள். வரும் என்றால், ஓவர்டைமை நிறுத்தி, கான்ட்ராக்ட் ஆட்களையும் சேர்த்து எல்லோருக்கும் நேரத்தைக் குறைக்கக் கேளுங்கள். எந்தத் தேதி வரை, சம்பளத்தில் எவ்வளவு குறையும், அதுவரை யாரையும் நீக்குவதில்லை என்பதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். பழகிய ஆட்களை அனுப்பிவிட்டு, பிறகு புது ஆட்களைத் தேடிப் பழக்க ஆகும் செலவை நிர்வாகத்தையே கணக்குப் போடச் சொல்லுங்கள். உங்கள் நாட்டில் அரசு மானியம் கிடைக்குமா என்று தொழிலாளர் துறையில் விசாரியுங்கள். மானியம் இல்லையென்றால் நேரக் குறைப்பின் சுமை முழுக்கத் தொழிலாளர் தலையில் விழும். அதனால் குறைந்த சம்பளக்காரர்களுக்கு வெட்டு குறைவாக இருக்கும்படி பேசுங்கள்.

அந்தப் பொருளுக்கே இனிச் சந்தை இல்லை என்றால் நேரக் குறைப்பு வீண். மூடப்போகும் பிரிவில் ஆட்களைப் பிடித்து வைத்தால் அவர்கள் வேறு வேலை தேடும் காலம்தான் பறிபோகும். அப்போது கான்ட்ராக்ட், நிரந்தரம் என்று பிரிக்காமல் எல்லோருக்கும் நல்ல இழப்பீடு, வேறு தொழிலுக்கான பயிற்சி, முன்கூட்டிய நோட்டீஸ் இந்த மூன்றையும் கேட்டுப் போராடுங்கள்.