திறந்த மூல மென்பொருளில் நான் அறிவித்த வழுவை எவரும் கவனிக்கவில்லை, என்ன செய்யலாம்?

மூன்று மாதங்களுக்கு முன் அறிவித்த வழுவை, அதாவது மென்பொருள் பிழையை, அதன் பராமரிப்பாளர்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் நிரலாளன் அல்லன். இலங்கை மலையகத்தில், ஹட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தின் அலுவலகத்தில் செக்ரோல் (தொழிலாளரின் வருகை, சம்பளப் பதிவேடு) எழுதுபவன். ஆயினும் எனது அறிக்கை ஒன்று எட்டு மாதம் கிடப்பில் கிடந்தது; அதே வழுவைப் பற்றி நான் எழுதிய இரண்டாவது அறிக்கையோ ஒரே வாரத்தில் திருத்தத்தைப் பெற்றுத்தந்தது.

கொழுந்து எடையைப் பதிவதற்கு ஒரு சிறிய திறந்த மூல மென்பொருளைப் பயன்படுத்தி வந்தோம். ‘பொ’, ‘கோ’ போன்ற எழுத்துகள் வரும் பெயர்களைத் தேடினால், பட்டியலில் கண்ணெதிரே நிற்கும் பெயரையே அது இல்லை என்று சொல்லும். அதை நம்பி மறுபடி பதிந்தால் ஒருவரது கொழுந்து இரண்டு பதிவுகளாகப் பிரிந்து, முழுப்பேருக்கு உரியவர் அரைப்பேர் ஆகிவிடுவார். அரைப்பேர் என்பது அரைநாட் சம்பளம். மலையகத்தாருக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஆத்திரத்தில், “தமிழ்த் தேடல் வேலை செய்யவில்லை, மிக அவசரம்” என்று தலைப்பிட்டுத் திரையின் படம் ஒன்றையும் இணைத்து அனுப்பினேன். தமிழ் எழுத்து ஒன்றுகூட அறியாத ஒருவர், தம் பகல் வேலையை முடித்துவிட்டு ஊதியமின்றி அந்த நிரலைப் பார்ப்பவர், எனது படத்தை வைத்துக்கொண்டு எதைத் தட்டச்சு செய்து சோதித்திருக்க முடியும்?

பிறகுதான் பட்டியலைத் துருவிப் பார்த்தேன். அது முன்பு பாமினி என்னும் பழைய எழுத்துருவில் இருந்து, எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியெண் முறையான யூனிகோடுக்கு மாற்றப்பட்டது. ‘பொ’வில் உள்ள உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியெண்களாகவும் எழுதலாம்; இரண்டும் சமம் என்பதே யூனிகோட் விதி, திரையிலும் வேறுபாடு தெரியாது. பழைய பட்டியலில் அது இரண்டாகப் பிரிந்து கிடந்தது, எனது விசைப்பலகை ஒன்றாகத் தந்தது, மென்பொருளோ இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராமலே ஒப்பிட்டது.

எனவே பழைய அறிக்கையை மூடிவிட்டு, “ஒரே எழுத்தின் இரு யூனிகோட் வடிவங்களைத் தேடல் வெவ்வேறாகக் கொள்கிறது” என்ற தலைப்பில் புதிதாக எழுதினேன். ஆயிரம் பெயர்கள் கொண்ட எங்கள் கோப்பை அனுப்பாமல் (அதில் தொழிலாளரின் சொந்த விவரங்களும் இருந்தன), இரண்டே வரிகள் உள்ள ஒரு கோப்பை இணைத்தேன். எதைத் திறந்து எதைத் தேட வேண்டும், என்ன வரவேண்டும், என்ன வருகிறது என்பதை மூன்று வரிகளில் சொன்னேன். குறியிட்ட பிரெஞ்சு எழுத்துகளையும் இவ்வாறே இரு வகையில் எழுதலாம், அவற்றிலும் இதே பிழை வருகிறது என்று சேர்த்தேன். அந்த ஒரு வரிதான் வேலை செய்தது என்பது என் கணிப்பு. ‘எங்கோ ஒரு மொழியின் சிக்கல்’ என்று ஒதுக்கத்தக்கதாக இருந்தது, பராமரிப்பாளர் தமது மேசையிலேயே ஒரு நிமிடத்தில் நிகழ்த்திப் பார்க்கக்கூடியதாகிவிட்டது.

உங்கள் அறிக்கையை இந்தக் கண்ணோடு ஒருமுறை படித்துப் பாருங்கள். அண்மைப் பதிப்பிலும் வழு உள்ளதா என்று சோதியுங்கள். மூடப்பட்ட அறிக்கைகளிலும் தேடுங்கள். முந்தைய பதிப்பு ஒன்றில் சரியாக இயங்கியிருந்தால் அந்தப் பதிப்பெண்ணைக் கட்டாயம் எழுதுங்கள், ஏனெனில் இடையில் 1000 மாற்றங்கள் நடந்திருந்தாலும் நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் ‘கிட்’ கருவியின் ‘பைசெக்ட்’ கட்டளையால் பாதி பாதியாகக் குறைத்து, ஏறத்தாழ 10 சோதனைகளில் குற்றவாளி மாற்றத்தைப் பிடித்துவிடலாம்.

“ஏதேனும் முன்னேற்றம் உண்டா?” என்று வாரந்தோறும் கேட்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். எனது முதல் அறிக்கையின் கீழ் நானே அவ்வாறு நான்கு முறை கேட்டிருந்தேன். ஒரு பதிலும் வரவில்லை. புதிய பதிப்பில் சோதித்த முடிவோ, இன்னும் சிறிதாக்கிய கோப்போ கைவசம் இருந்தால், அதைப் பழைய அறிக்கையின் கீழேயே இடுங்கள். கண்டது பாதுகாப்பு ஓட்டையாக இருந்தால், பொதுவில் எழுதாமல் அந்தத் திட்டம் அதற்கென அறிவித்துள்ள தனி முகவரிக்கு அனுப்ப வேண்டும்.