கேட்டு வாங்குங்க: மாடிப்படியில் ஒரு சிவப்புப் பெட்டி

கேள்வி: எங்கள் குடியிருப்பில் தரைத்தளத்துக்கு மேல் நான்கு மாடி. தீயணைப்பு வீரர்கள் கருவிகளைச் செருக மாடிப்படியில் 'எமர்ஜென்சி பிளக்' கட்டாயம், மாடிக்கு 18,000 ரூபாய் என்று ஒரு ஏஜென்ட் நெருக்குகிறார். ஜப்பானில் எல்லாக் கட்டடத்திலும் உண்டாமே?
(கோச்சடை)

பதில்: எல்லாக் கட்டடத்திலும் இல்லை. அங்கே சட்டம் கேட்பது, தரைத்தளத்தையும் சேர்த்து எண்ணி, 11-வது தளத்திலிருந்து. நமக்கோ மீனாட்சி கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்கு 9 மீட்டர் உயரத்தைத் தாண்டவே அனுமதி கிடையாது. ஏஜென்ட் ஊர் மாறி வந்துவிட்டார் போல.

ஏற்பாடு என்னவோ நல்ல ஏற்பாடுதான். தீப்பிடித்தால் முதலில் கரண்டை நிறுத்துவார்கள். படிக்கட்டெல்லாம் இருட்டும் புகையும். விளக்கு எரியவும் வெட்டும் கருவி ஓடவும் கரண்ட் வேண்டும். வண்டியிலிருந்து அத்தனை மாடிக்கு ஒயர் இழுத்து மாளாது. அதனால் தனி சர்க்யூட், 30 நிமிடம் தாங்கும் அவசர மின்சாரம், படிக்கட்டை ஒட்டித் தரையிலிருந்து 1 முதல் 1.5 மீட்டர் உயரத்தில் பெட்டி, அதற்குச் சிவப்பு விளக்கு. அங்கே 100 வோல்ட், 15 ஆம்பியர். நம் ஊரில் 230 வோல்ட்.

ஒயர் எங்கிருந்து வருகிறது என்று அவரிடம் கேளுங்கள். காமன் மீட்டரிலிருந்து என்றால், மெயினை இறக்கியதும் அதுவும் செத்துவிடும். கட்டாயம் என்கிறவர் விதி எண்ணை லெட்டர்பேடில் எழுதித் தரட்டும். தல்லாகுளம் தீயணைப்பு நிலையத்தில் அதைக் காட்டிக் கேளுங்கள்.

இன்னொன்று, கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் படிக்கட்டில் செருப்பு ஸ்டாண்டு, ஓடாத சைக்கிள், கொலுப்பெட்டி எல்லாம் இருக்குமே? மதுரையில் நான் ஏறி இறங்கும் அபார்ட்மென்ட்களில் முக்கால்வாசி இப்படித்தான். புகையில் தடவிக்கொண்டு வருகிறவர் காலில் அந்த சைக்கிள்தான் முதலில் மாட்டும். அதை எடுக்க 72,000 ரூபாய் வேண்டாம், பழைய இரும்புக்காரர் காசு கொடுத்தே எடுத்துப் போவார். பிறகு ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள தீயணைப்பான் வாங்குங்கள், முள் பச்சையில் நிற்கிறதா பாருங்கள். எமர்ஜென்சி லைட்டைக் கடையிலேயே எரியவிட்டுப் பார்த்து வாங்குங்கள். கண்காட்சியில் நான் வாங்கியதில் நான்கு மணி நேரம் என்று போட்டிருந்தது; மெழுகுவர்த்தியைத் தேடி எடுப்பதற்குள் அணைந்துவிட்டது.

கேள்வி: இதே பெட்டிக்கு 54,000 ரூபாய் கொடுத்துவிட்டோம். பில் இருக்கிறது. மெயினை நிறுத்திப் பார்த்தால் சிவப்பு விளக்குகூட எரியவில்லை. காண்டிராக்டர் போனை எடுப்பதில்லை.
(திருநகர்)

பதில்: சோதித்துப் பார்த்தீர்களே, அது நல்ல வேலை. இதில் உங்கள் தப்பு ஒன்றுமில்லை. மெயின் இறங்கியிருப்பதும் பெட்டி இருண்டு கிடப்பதும் ஒரே வீடியோவில் தெரியட்டும். பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பிவிட்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். பணத்தோடு அலைச்சலுக்கும் நஷ்டஈடு கேளுங்கள், கூச்சப்படாதீர்கள்.

கேள்வி: பில் வேண்டாம் என்றால் ஜி.எஸ்.டி. மிச்சம் என்றார்கள். பெட்டி ஒரே மாதத்தில் கழன்று தொங்குகிறது. வழக்குப் போடலாமா?
(ஆனையூர்)

பதில்: எதை வைத்து?

கேள்வி: அந்தப் பிளக் சும்மாதானே கிடக்கிறது, ராத்திரியில் பேட்டரி ஸ்கூட்டரை சார்ஜ் போட்டுக்கொள்ளலாமா?
(வில்லாபுரம்)

பதில்: கூடாது. மாடிப்படிக்குக் கீழே எந்தப் பிளக்கிலும் கூடாது. போன மாதமும் இதையேதான் கேட்டீர்கள்.