ரேடியேட்டருக்கு எந்த தெர்மோஸ்டாட் வால்வு வாங்கலாம்?

யூகே வீட்டுல பழைய ரேடியேட்டர் (சுடுதண்ணி ஓடி ரூம சூடாக்கற சாதனம்) வால்வ மாத்தணும், எது நம்பி வாங்கலாம்னு கேட்டிருக்கீங்க. பிராண்டுக்கு முன்னாடி பெட்டியில ஈஎன் 215னு போட்டிருக்கான்னு பாருங்க, அது ஐரோப்பிய தரச்சான்று, அது இல்லாத மலிவு சரக்கு எனக்கு வேண்டவே வேண்டாம். டான்ஃபாஸ், ஹனிவெல், டிரேட்டன் மூணுமே ஓகே, டான்ஃபாஸ்காரங்க 1940கள்லேர்ந்து இதே வேலையா இருக்காங்க. வால்வோட திருகற தலைக்குள்ள மெழுகோ திரவமோ இருக்கும், ரூம் சூடானா அது விரிஞ்சு உள்ள இருக்கற பின்னை (சின்ன கம்பிய) அமுக்கும், தண்ணி வர்றது குறையும், அவ்ளோதான். திரவம் வச்சது கொஞ்சம் சீக்கிரம் ரியாக்ட் ஆகும், சில பவுண்டு கூட போனாலும் அதையே எடுங்க. தண்ணி எந்தப் பக்கம் வருதுன்னு தெரியலன்னா ரெண்டு பக்கமும் ஓடுற மாடலா வாங்குங்க, தப்பான பக்கம் மாட்டினா டமடமன்னு சத்தம் வரும். பைப் 15 மி.மீ.யா 10 மி.மீ.யான்னு அளந்துக்கோங்க. சுவர்ல ரூம் தெர்மோஸ்டாட் இருக்கற ரூம்ல இத மாட்டாதீங்க, ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு சண்டை போடும். கர்ட்டன் வால்வ மூடினாலும் ரூம் சூடாயிடுச்சுன்னு அது ஏமாந்துடும். தலையில இருக்கற நம்பர்ல 3ல வச்சா ரூம் சுமார் 20 டிகிரி. சம்மர்ல முழுசா திறந்து விடுங்க, மூடியே வச்சா பின் இறுகிடும். அப்படி இறுகினா தலைய கழட்டி பின்னை மெதுவா அமுக்கி விட்டாலே பெரும்பாலும் சரியாயிடும், புதுசு வாங்க ஓடாதீங்க.