கறுப்பு அங்கி அணியாத சட்டமாணிகள்

கேள்வி: யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சட்டமாணிப் பட்டத்தை நிறைவுசெய்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறேன். சிரேஷ்ட சட்டத்தரணி ஒருவருடன் சில காலம் திருகோணமலை நீதிமன்றங்களுக்குச் சென்றுவந்ததில், மன்றில் எழுந்து நின்று வாதாடுவது எனக்கு ஒத்துவராது என்பது தெளிவாகிவிட்டது. ஆவணங்களை வாசிப்பதும், பிரச்சினையோடு வருகிறவர்களிடம் விடயத்தைக் கேட்டறிவதுமே பிடித்திருக்கின்றன. கொழும்புக்குப் போகும் எண்ணம் இல்லை. சட்டக் கல்லூரிக்குச் சென்று சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் செய்வது இனி அவசியமா? இங்கிருந்தபடியே மனநிறைவோடு செய்யக்கூடிய தொழில் உண்டா?
— வாசகி, உப்புவெளி

பதில்: வீட்டு நிலைமை இடங்கொடுத்தால், வழக்குப் பேசும் எண்ணம் இல்லாவிட்டாலும் சத்தியப்பிரமாணம் வரை சென்றுவிடுங்கள் என்பதே என் கருத்து. மாகாண அமைச்சுகளிலும் கூட்டுத்தாபனங்களிலும் வங்கிகளிலும் சட்ட உத்தியோகத்தர் பதவிக்கு விண்ணப்பம் கோரும்போது, பெரும்பாலும் சட்டமாணிப் பட்டம் மட்டும் போதாது. உயர் நீதிமன்றச் சட்டத்தரணியாக இருத்தல் வேண்டும் என்றே கேட்கிறார்கள். சட்டக் கல்லூரிப் பரீட்சைகளும் அதன் பின்னரான ஆறு மாதப் பயிலுநர் காலமும் உங்களுக்குச் சலிப்பூட்டலாம். ஆனால் முப்பத்தைந்து வயதில் பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு அதே பரீட்சைக்கு அமர்வதைவிட இப்போது முடித்துவிடுவது எளிது. வசதி இல்லையென்றால், அந்தத் தகுதியைக் கேட்காத தொழில்களும் நம் மாவட்டத்தில் உள்ளன. அவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டு பின்னர் தீர்மானிப்பதிலும் தவறில்லை.

கேட்பதும் வாசிப்பதும் பிடிக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். அவ்விரண்டுக்கும் திருகோணமலையில் காணியைப்போல வேலை தரும் துறை வேறில்லை. 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரச காணிக்கு அனுமதிப்பத்திரமோ அளிப்போ பெற்ற குடும்பங்கள், இடப்பெயர்வில் அந்தப் பத்திரத்தைத் தொலைத்தவர்கள், தமக்குப் பின் காணியைப் பெறவேண்டிய பின்னுரித்தாளரைப் பதியாமலே காலமானவர்களின் பிள்ளைகள், திரும்பி வந்தபோது தம் வளவில் வேறொருவர் குடியிருப்பதைக் கண்டவர்கள் ஆகியோரின் கோவைகள் குச்சவெளி முதல் வெருகல் வரை ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் கிடக்கின்றன. 2016 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்க ஆட்சியுரிமை (விசேட ஏற்பாடுகள்) சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை ஆயுதக் குழுக்களின் செயற்பாடுகளால் தம் காணிக்குச் செல்ல முடியாதிருந்தவர்களுக்கு எதிராக அந்தக் காலத்தை ஆட்சியுரிமைக் கணக்கில், அதாவது காணியை நீண்ட காலம் தன்வசம் வைத்திருந்ததைக் காட்டி இன்னொருவர் உரிமை கோரும் கணக்கில், சேர்க்காதிருப்பதற்காக வந்தது. ஆனால் அதனால் நன்மை பெற்றிருக்க வேண்டிய பலருக்கு அப்படியொரு சட்டம் இருப்பதே தெரியாது. ஒரு தாயின் கையிலுள்ள பழைய பத்திரங்களை நிதானமாக வாசித்து, இது அனுமதிப்பத்திரம், இது வெறும் வரிப் பற்றுச்சீட்டு, இதற்கு நீங்கள் போக வேண்டியது காணிக் கிளை, அதற்குப் போக வேண்டியது நீதிமன்றம் என்று பிரித்துச் சொல்லக்கூடியவர்கள் இங்கு மிகக் குறைவு.

இந்த வேலையைச் சம்பளத்தோடு செய்ய இடங்கள் உள்ளன. காணியுரிமை, சட்ட விழிப்புணர்வு, பெண்கள் விவகாரம் ஆகியவற்றில் இயங்கும் அரச சார்பற்ற நிறுவனங்கள் சட்டமாணிகளைக் களப்பணிக்கு எடுக்கின்றன; மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் நம் நகரில் பிராந்திய அலுவலகம் உண்டு. 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபைகளையும் சென்று பாருங்கள். சட்டத்தரணிகள் தரப்பினருக்காகத் தோன்ற முடியாத அவை அது. தீர்ப்புச் சொல்லும் அதிகாரமும் மத்தியஸ்தருக்கு இல்லை. இரு தரப்பையும் பேசவைத்து இணக்கத்துக்குக் கொண்டுவருவதே அங்கு திறமை. மத்தியஸ்தர் பணி தொண்டாகச் செய்யப்படுவதால் அது பிழைப்புக்கு உதவாது. ஆயினும் வாதாடப் பிடிக்காத ஒரு சட்டமாணி, சட்டம் மன்றுக்கு வெளியே எப்படி வேலை செய்கிறது என்பதை நேரில் காண அதைவிட நல்ல இடத்தை நான் அறியேன்.

அரச சார்பற்ற நிறுவன வேலையின் குறையையும் சொல்லிவிட வேண்டும். அங்குள்ள பதவிகள் பெரும்பாலும் திட்ட நிதியில் நடப்பவை. நிதி முடிந்தால் வேலையும் முடியும். ஆகவே இரண்டு மூன்று ஆண்டுகள் அங்கு அனுபவம் பெறும்போதே அடுத்ததை நோக்கியபடி இருங்கள். நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களும் சீனக்குடாத் தொழிற்சாலைகளும் மனிதவளப் பிரிவுக்கு ஆட்களை எடுக்கும்போது சட்டம் படித்தவர்கள் விண்ணப்பிப்பதே அரிது. ஊழியர் சேமலாப நிதிக்கு ஊழியர் 8 வீதமும் தொழில்வழங்குநர் 12 வீதமும் செலுத்த வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில்வழங்குநர் மேலும் 3 வீதம். பதினைந்து பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து ஆண்டுகளை நிறைவுசெய்தவருக்குப் பணிக்கொடை. பருவகால ஊழியர்களை வைத்து நடத்தும் ஹோட்டலொன்றில் இந்த மூன்றையும் ஒழுங்காகப் பேணத் தெரிந்தவர், தொழில் நியாயசபைக்குப் போகவிருந்த பிணக்குகளைத் தொடக்கத்திலேயே தீர்த்துவிடுவார். வங்கி, நிதி நிறுவனங்களில் சட்டவிதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று பார்க்கும் இணக்கப் பிரிவுகளும், 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தால் உருவாகும் பதவிகளும் உண்டுதான்; ஆனால் அவற்றின் தலைமையகங்கள் கொழும்பில் இருப்பதால் உங்களுக்கு அவற்றை வற்புறுத்த மாட்டேன்.

ஓர் எச்சரிக்கை. சட்டம் படித்தவர் என்று தெரிந்ததும் அயலவர்கள் உறுதி எழுதித் தரச் சொல்லி வருவார்கள். காணி விற்பனைக்கு நொத்தாரிசின் முன் நிறைவேற்றப்பட்ட உறுதி வேண்டும் என்பது 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்திலிருந்து வரும் விதி. சத்தியப்பிரமாணம் செய்யாத நீங்கள் உதவி என்ற பெயரில் அதில் கைவைத்தால், பாதிக்கப்படுவது காணியை வாங்கியவர். மாறாக, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் எழுத எவருக்கும் உதவலாம். பகிரங்க அதிகாரசபை பதினான்கு வேலை நாட்களுக்குள் தன் தீர்மானத்தைச் சொல்ல வேண்டும் என்பதால், காணிக் கோவை எங்கே சிக்கியிருக்கிறது என்பதை அறிய அது நல்ல வழி.

பட்டப் பின்படிப்பு டிப்ளோமாவுக்குப் பணம் கட்டும் முன் சிங்களத்தை வாசிக்கவும் பேசவும் கற்றுக்கொள்ளுங்கள். கந்தளாயும் சேருவிலவும் இதே மாவட்டத்தில்தான் இருக்கின்றன; மேலே சொன்ன எந்தப் பணியிலும் மும்மொழி அறிந்தவரையே முதலில் அழைப்பார்கள்.

கேள்வி: எனக்கு 27 வயது. சட்டமாணி. இலங்கை நிர்வாக சேவைப் பரீட்சைக்கு அமரலாமா, அல்லது படித்த சட்டம் வீணாகிவிடுமா?
— வாசகர், மூதூர்

பதில்: உடனே விண்ணப்பியுங்கள். திறந்த போட்டிப் பரீட்சைக்கு 28 வயது வரையே இடமளிக்கப்பட்டு வந்திருக்கிறது. வர்த்தமானி அறிவித்தலில் வயது கணிக்கப்படும் திகதியை முதலில் பாருங்கள். சட்டம் வீணாகும் என்ற பயம் வேண்டாம். பிரதேச செயலாளரின் மேசைக்கு வருவனவற்றுள் கணிசமானவை காணிக் கோவைகள். அரச காணியிலிருந்து ஒருவரை வெளியேறச் சொல்லும் அறிவித்தலை 1979 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ்த் தகுதிவாய்ந்த அதிகாரி என்ற முறையில் பெரும்பாலும் அவரே விடுக்கிறார். அந்த அறிவித்தல் ஒரு குடும்பத்துக்கு என்ன செய்யும் என்பதை அறிந்த ஒருவர் அந்த நாற்காலியில் இருப்பது நல்லது. இடமாற்றம் உண்டு; மூதூரிலேயே இருக்க வேண்டுமென்றால் இந்தச் சேவை உங்களுக்கு உரியதல்ல.

கேள்வி: சட்டம் படித்த என் மகள் வீட்டிலிருந்து சட்ட ஆவணங்களை மொழிபெயர்த்துக் கொடுக்கிறாள். உறவினர்கள் கேட்கும்போது பதில் சொல்லச் சங்கடமாக இருக்கிறது. இது ஒரு தொழிலா?
— ஒரு தந்தை, திருக்கடலூர்

பதில்: தொழில்தான், நம் மாகாணத்தில் அதற்குத் தேவையும் அதிகம். வடக்கிலும் கிழக்கிலும் நீதிமன்ற நடவடிக்கைகள் தமிழில் நடக்கின்றன. அதே வழக்கு மேன்முறையீட்டில் கொழும்புக்குப் போகும்போது சாட்சியமும் தீர்ப்பும் ஆங்கிலத்தில் வேண்டும். நாடாளுமன்றம் நிறைவேற்றும் சட்டங்கள் மும்மொழியிலும் அச்சாகின்றன என்றாலும், தமிழ் உரைக்கும் சிங்கள உரைக்கும் இடையே முரண்பாடு வந்தால் சிங்கள உரையே மேலோங்கும் என்ற பிரிவு அவற்றின் இறுதியில் வழக்கமாக இருக்கிறது. ஆகவே தமிழ் உரையை மட்டும் வாசித்து ஆலோசனை சொல்வது ஆபத்து. இரண்டையும் ஒப்புநோக்கக்கூடிய சட்டமாணியின் வேலையை மொழி மட்டும் தெரிந்தவர் செய்ய முடியாது. உங்கள் மகள் சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளராகப் பதிவுபெறட்டும். தூதரகங்களும் திணைக்களங்களும் பொதுவாக அத்தகையவரின் கையொப்பத்தையும் முத்திரையையுமே எதிர்பார்க்கின்றன. பக்கத்துக்கு இவ்வளவு என்று கட்டணத்தை எழுதி வைத்து, வேலையைத் தொடங்கும் முன் ஒரு பகுதியை வாங்கிக்கொள்வதும் அவசியம். உறவினர்களின் பிறப்புச் சான்றிதழ்களையும் உறுதிகளையும் இலவசமாக மொழிபெயர்த்துத் தரும்படி அவரிடம் அனுப்பிவைப்பவர் நீங்களாயின், அதை இந்த மாதத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.