ஸ்பேனர் பிடிக்கும் நாள் எப்போது?

கேள்வி: கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருக்கிறேன். வயது 36. பதினோரு வாரங்களுக்கு முன்பு தகடு கிழித்து, வலது கையில் ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் தசைநாண்களும் (தசையை எலும்போடு இணைக்கும் நார்கள்) அறுந்தன. அறுவை சிகிச்சை முடிந்து கட்டும் பிரித்தாயிற்று. விரல்கள் இன்னும் முழுதாக மடங்கவில்லை. வீட்டில் ரப்பர் பந்தை அமுக்கி வருகிறேன். ‘நூறு சதவீதம் சரியான பிறகு வா’ என்கிறார் சூப்பர்வைசர். எப்போது வேலைக்குப் போகலாம்?

பதில்: முதலில் அந்தப் பந்தை ஓரமாக வையுங்கள். பந்தைப் பிடித்த விரல் பந்தின் பருமனோடு நின்றுவிடும். உங்களுக்கு வேண்டியதோ விரல் நுனி உள்ளங்கையைத் தொடுவது.

இடது கையால் அந்த விரல்களை மெதுவாக மடக்கிப் பாருங்கள். அப்படி மடங்குகிறது, தானாக மடங்கவில்லை என்றால், பெரும்பாலும் தசைநாண் சுற்றியுள்ள திசுவோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. யார் மடக்கினாலும் மடங்கவில்லை என்றால் மூட்டு இறுகியிருக்கிறது. இரண்டுக்கும் பயிற்சி வேறு வேறு. நேற்று வரை மடங்கிய விரல் இன்று திடீரென மடங்க மறுத்தால், தைத்த இடம் விட்டிருக்கலாம். அன்றே அறுவை மருத்துவரைப் பாருங்கள்.

நான் செய்வது ஆக்குபேஷனல் தெரபி, அதாவது அன்றாட வேலைகளை மறுபடி செய்யக் கையைப் பழக்கும் சிகிச்சை. அந்தப் பெயரைக் கேட்டதும் ‘வேலை வாங்கித் தருவீர்களா?’ என்று கேட்டவர்கள் உண்டு. தவறில்லை, பழைய வேலையையே திரும்ப வாங்கித் தருகிறோம்! கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, பஸ்ஸில் கம்பியை எந்தக் கையால் பிடித்து வந்தீர்கள் என்பதுதான். பெரும்பாலும் அடிபடாத கை. ஆறாத காயம் பாதி, ஒதுக்கிவைத்த பழக்கம் பாதி.

தைத்த தசைநாண் முதல் சில வாரங்களில் மிகவும் பலவீனமாக இருக்கும். பொதுவாக எட்டு வாரத்துக்குப் பிறகே பலப்பயிற்சி, பன்னிரண்டு வாரத்துக்குப் பிறகே கனமான வேலை. ஆகவே, மருத்துவர் சம்மதித்தால் லேசான வேலைக்கு இப்போதே போகலாம். பைப்புகளை இணைக்கும் ஃபிளாஞ்ச் போல்ட்டை முழு பலத்தோடு இறுக்குவதற்கு இன்னும் சில மாதங்கள் ஆகலாம். ஆனால் அந்தப் பிடி வீட்டில் உட்கார்ந்திருந்தால் வராது. ஸ்பேனர் பிடித்துத்தான் ஸ்பேனருக்கான பிடி வரும். சூப்பர்வைசரின் கணக்கு உதைப்பது இங்கேதான்.

ஒரு தாளில் உங்கள் வேலையை எழுதுங்கள். எந்த அளவு ஸ்பேனர், என்ன எடை, ஒரு ஷிப்டில் எத்தனை போல்ட், தலைக்கு மேல் கை தூக்க வேண்டுமா, ஏணி உண்டா, கையுறை எவ்வளவு தடிமன்? அதையும் உங்கள் ஸ்பேனரையும் கொண்டுவாருங்கள். போல்ட் பதித்த பலகையில் அதே வேலையைச் செய்யவைத்து, பிடிவலிமையைக் கருவியில் அளந்து, இடது கையோடு ஒப்பிடுவோம். விரல் முழுதாக மடங்காத நாட்களில் ஸ்பேனர் கைப்பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றுங்கள். பிடி தடித்தால் கை திணறாது.

விரல் நுனி மரத்திருக்கிறதா? நரம்பும் அறுந்திருந்தால் அது நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். அதுவரை சூடான பைப்பை விரல் அறியாது, கண்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ரசாயன ஆலையில் இது சின்ன விஷயமல்ல.

சான்றிதழில் ‘லேசான வேலை’ என்று மட்டும் எழுதி வாங்காதீர்கள். அதற்கு ஆளுக்கொரு பொருள் சொல்வார்கள். ‘நான்கு வாரம், தினம் நான்கு மணி நேரம், 5 கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, ஏணி கூடாது’ என்பதுபோல அளவோடு எழுதச் சொல்லுங்கள். எண்களை உங்கள் கையைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். மேஜையில் வைத்துச் சிறு வால்வுகளைப் பிரித்துச் சேர்ப்பது நல்ல தொடக்கம்.

ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருந்தால் (காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் உண்டு) சிகிச்சை நாட்களுக்குச் சராசரி தினக்கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். ஆனால் வேலை செய்து கூலி வாங்கும் நாளுக்கு அது கிடையாது. அரைநாள் வேலைக்கு என்ன கூலி என்பதை முன்கூட்டியே பேசி எழுத்தில் வாங்குங்கள்.

இன்னொன்று, நீங்கள் எழுதாதது. அந்தத் தகட்டின் அருகே மறுபடி நிற்கப் பயமாக இருக்கிறதா? இருந்தால் வெட்கப்படாமல் சொல்லுங்கள். வேலையில் சேரும் முன் ஒருநாள், எதையும் தொடாமல், அந்த இடத்துக்குச் சும்மா போய்வாருங்கள். கூட ஒரு நண்பரும் வரட்டும்.