சிறிய இணையதளத்தையும் சட்டம் கட்டாயப்படுத்தலாமா?

கேள்வி: கைவினைப் பொருள்கள் விற்கும் சிறு இணையதளம் ஒன்றை நானும் நண்பரும் நடத்துகிறோம். மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி தளங்கள் இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டால், எங்களைப் போன்றவர்கள் தாங்குவோமா? இப்போதைக்கு நாங்கள் என்ன செய்யலாம்?

பதில்: சட்டம் வேண்டும் என்ற கட்சிக்காரன் நான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தளங்களைச் சோதித்துக் கொடுப்பது என் தொழில். "அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்" என்ற பதிலைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது.

உங்கள் பயம் புதிதல்ல. சிட்னி ஒலிம்பிக் இணையதளத்தில் படங்களுக்கு மாற்று உரை (படத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லும் எழுத்து) இல்லை என்று பார்வையற்ற ஒருவர் 1999இல் புகார் செய்தார். சரிசெய்ய 20 லட்சம் டாலருக்கு மேல் ஆகும், ஓர் ஆளுக்கு ஓராண்டுக்கு மேல் வேலை என்றார்கள் அமைப்பாளர்கள். ஆஸ்திரேலிய மனித உரிமை ஆணையம் அதை ஏற்காமல், 2000இல் அவருக்கு 20,000 டாலர் இழப்பீடு வழங்கச் சொன்னது. மாற்று உரையைப் படம் ஏற்றும்போதே எழுதினால் ஒரு வரி வேலை. நான்கு வருடப் படங்களுக்கும் சேர்த்து எழுத உட்காரும்போதுதான் அது செலவாகிறது.

சின்னவரையும் பெரியவரையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது என்பதில் நான் உங்கள் பக்கம். 2025 ஜூன் 28 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய அணுகல்தன்மைச் சட்டம், பத்துப் பேருக்கும் குறைவானவர்கள் வேலை செய்யும், ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் யூரோவைத் தாண்டாத சேவை நிறுவனங்களுக்கு விலக்கு தருகிறது. நியாயமான கோடுதான்.

விலக்கு இருந்தாலும் இன்று மாலை ஒன்று செய்து பாருங்கள். மவுஸை ஓரமாக வைத்துவிட்டு, டேப், என்டர் விசைகளை வைத்தே உங்கள் தளத்தில் ஒரு பொருளை வாங்க முயலுங்கள். எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்று திரையில் தெரிகிறதா? பிறகு, என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானை (திரையில் உள்ளதை உரக்கப் படிக்கும் மென்பொருள்) நிறுவிக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். நான் சோதித்த ஒரு கடையின் கடைசிப் பக்கம் "பொத்தான், பொத்தான், பொத்தான்" என்று வாசித்தது. ஒன்று பணம் செலுத்த, ஒன்று திரும்பிப் போக, மூன்றாவது கூடையைக் காலி செய்ய. மூன்றுமே பெயரில்லாத வெறும் படக்குறிகள். பெயர் கொடுக்க நிரலாளருக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5:1 என்ற ஒளிர்வு வேறுபாடு இருக்கட்டும்; வெளிர் சாம்பல் மோகத்தை விடுங்கள். பக்கம் தமிழில் இருந்தால் அதை நிரலிலும் குறிப்பிடுங்கள். இல்லாவிட்டால் திரைவாசிப்பான் வேறு மொழிக் குரலில் தமிழைக் குதறக்கூடும்.

"ஒரு வரி நிரல் சேர்த்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று யாராவது கருவி விற்க வந்தால் வாங்காதீர்கள். அப்படி விளம்பரம் செய்த ஒரு நிறுவனம் 10 லட்சம் டாலர் கட்ட வேண்டும் என்று அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2025இல் உத்தரவிட்டது. கருவிக்குக் கொடுக்க இருந்த பணத்தைத் திரைவாசிப்பானை அன்றாடம் பயன்படுத்தும் ஒருவருக்குக் கொடுத்து, உங்கள் தளத்தில் ஒரு மணி நேரம் உலவச் சொல்லுங்கள்.